வெட்டு ஒன்று, துண்டு இரண்டு: வீடியோ எடிட்டிங்கில் டிரான்சிஷனும் அசைவும்

நான் முதன்முதலில் எடிட் செய்தது சித்தப்பாவின் மரச்செக்கைப் பற்றிய வீடியோ. மொத்தம் இரண்டு நிமிடம். மென்பொருளைத் திறந்தால் ஓரத்தில் 'டிரான்சிஷன்' என்றொரு பெட்டி. அதைத் தட்டினால் பக்கம் புரள்வது, கனசதுரம் சுழல்வது, கண்ணாடி நொறுங்குவது, இதயம் விரிவது என்று கல்யாணப் பந்தி மாதிரி வரிசையாக இருந்தன. இலையில் வைத்ததை மிச்சம் வைக்கக் கூடாது என்று சொல்லி வளர்த்திருக்கிறார்களே, ஒன்றையும் விடவில்லை. முடித்துவிட்டுப் பெருமையாகப் போட்டுக் காட்டினேன். சித்தி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "செக்கு சுத்தும்னு தெரியும். வீடு, வாசல், உங்க சித்தப்பா எல்லாம் சேர்ந்து சுத்துதே, ஏன்டா?"

ஏன் சுற்றுகிறது? 'நல்லா இருந்துச்சு, போட்டேன்' என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை. அப்புறம் அதே வீடியோவை மூன்று தடவை பிரித்துப் போட்டுத் திரும்பத் திரும்பக் கோத்தேன். கற்றுக்கொண்டதெல்லாம் அந்தப் பிரித்துக் கோத்ததில்தான். எடிட்டிங்கை இப்போதுதான் தொடங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கணினியோ போனோ, எதில் செய்தாலும் அடிப்படை ஒன்றுதான் என்பதால் எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்பதற்குள் போகவில்லை.

இரண்டு காட்சிகளை அடுத்தடுத்து வைத்தால் போதும், பார்ப்பவர் மனம் அவற்றுக்கிடையே தானாக ஓர் உறவைக் கற்பித்துக்கொள்ளும். இது அதே இடமா? அதே இடத்தில் கொஞ்ச நேரம் கழித்தா? வேறு ஊரா? யாருக்காவது வந்த நினைவா? டிரான்சிஷன் என்பது இந்தக் கேள்விக்கு எடிட்டர் சொல்லும் பதில். ஆகவே 'எந்த எஃபெக்ட் போடலாம்?' என்று பெட்டியைத் திறப்பதற்கு முன்னால், 'இந்த இரண்டு ஷாட்டுக்கும் என்ன உறவு?' என்று கேட்டுக்கொள்ள வேண்டும். சித்தப்பா கடலையைக் கொட்டுகிறார், அடுத்த ஷாட்டில் செக்கு ஓடுகிறது. இரண்டும் ஒரே கொட்டகை, ஒரே நேரம். நடுவில் கண்ணாடி நொறுங்க அங்கே என்ன நடந்தது?

வெறும் கட்

எஃபெக்ட் எதுவும் இல்லாமல் ஒரு ஷாட் முடிந்த இடத்தில் அடுத்த ஷாட்டை ஒட்டுவதுதான் கட். டிரான்சிஷன்களில் மூத்தது, எல்லாரையும் விட அதிகம் உழைப்பது, யார் கண்ணிலும் படாதது. நீங்கள் பார்க்கும் படங்களில் பெரும்பாலான இணைப்புகள் வெறும் கட்தான்.

கட் கண்ணில் படாமல் இருக்க ஒரு பழைய உத்தி உண்டு: அசைவின் நடுவில் வெட்டுவது. சித்தப்பா கூடையைத் தூக்கிக் கடலையை உரலில் கொட்டுகிறார். தூரத்திலிருந்து ஒரு ஷாட், பக்கத்திலிருந்து ஒரு ஷாட் இருக்கிறது. அவர் தூக்கி முடித்த பிறகு வெட்டினால் இணைப்பு தட்டும். கூடை பாதி உயரத்தில் இருக்கும்போது வெட்டி, பக்கத்து ஷாட்டில் அதே பாதி உயரத்திலிருந்து தொடர்ந்தால் யாருக்கும் தெரியாது. கண் கூடையின் பின்னால் போய்க்கொண்டிருக்கிறது. கேமரா இடம் மாறியதைக் கவனிக்க அதற்கு நேரமில்லை. இதற்கு எடுக்கும்போதே அவரை இரண்டு தடவை கொட்டச் சொல்ல வேண்டும். "இன்னொரு வாட்டியா?" என்பார். பரவாயில்லை.

இரண்டாவது ஷாட்டின் கோணம் முதல் ஷாட்டிலிருந்து நன்றாக மாறியிருக்க வேண்டும். 30 டிகிரியாவது நகர வேண்டும் என்பது சினிமாக்காரர்களின் கணக்கு. கொஞ்சமே நகர்ந்து எடுத்த இரண்டு ஷாட்களை ஒட்டினால் படம் வெடுக்கென்று குதிக்கும். அதற்கு ஜம்ப் கட் என்றே பெயர். யூடியூபில் கேமராவைப் பார்த்துப் பேசுகிறவர்கள் நடுவிலுள்ள இருமலையும் 'அது வந்து'களையும் வெட்டியெறியும்போது இந்தக் குதிப்பு வரும். அந்த இடத்தில் அடுத்த துண்டை 115 அல்லது 120 சதவீதத்துக்குப் பெரிதாக்கிவிடுவது வழக்கம். வேறு கேமராவில் எடுத்ததுபோல ஏமாற்றலாம். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இதையே செய்தால் அதுவும் கண்ணை உறுத்தும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஒன்று கரைந்து இன்னொன்று

டிசால்வ் என்பது முதல் படம் மெல்ல மறைய, அதன் மேலேயே இரண்டாவது படம் தெளிந்து வருவது. 1899இலேயே ஃபிரான்ஸின் இயக்குநர் ஜார்ஜ் மெலியே இதைத் தன் படங்களில் செய்தார். அப்போது எடிட்டிங் மேசையே இல்லை, எல்லாம் கேமராவுக்குள்தான். லென்ஸின் திறப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடி இருட்டாக்குவது, ஃபிலிமைப் பின்னோக்கிச் சுற்றுவது, அதே ஃபிலிம் துண்டின் மேல் அடுத்த காட்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து பதிவது. தப்பானால் இரண்டு காட்சியும் போச்சு. இன்று அதே வேலை ஒரு இழுப்பில் முடிகிறது. அதனால்தான் மலிந்துவிட்டது.

டிசால்வ் சொல்வது 'நேரம் கடந்தது' என்பதை. காலையில் கொட்டிய கடலை, மதியம் வடிந்த எண்ணெய். இந்த இரண்டுக்கும் நடுவில் டிசால்வ் பொருந்தும். கூடை தூக்குவதற்கும் கொட்டுவதற்கும் நடுவில் போட்டால் சித்தப்பா கூடையைத் தூக்கிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போய்வந்து கொட்டியதுபோல ஆகிவிடும்.

இதில் தொடக்கக்காரர்கள் எல்லாரும் முட்டிக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது. டிசால்வ் போட்டால் மென்பொருள் மறுக்கும்; அல்லது கடைசிப் படம் உறைந்து நிற்கும். காரணம் எளிது. இரண்டு படங்களும் ஒரே நேரத்தில் தெரிய வேண்டுமென்றால், வெட்டிய இடத்தைத் தாண்டியும் முதல் ஷாட்டில் படம் மிச்சம் இருக்க வேண்டும். இரண்டாவது ஷாட்டில் வெட்டிய இடத்துக்கு முன்பும் இருக்க வேண்டும். வீடியோ என்பது வேகமாக ஓடும் அசையாப் படங்கள்தான்; அப்படி ஒவ்வொரு படமும் ஒரு ஃபிரேம். நொடிக்கு 25 ஃபிரேம் ஓடும் டைம்லைனில் (ஷாட்களை வரிசையாக அடுக்கும் பட்டை) ஒரு நொடி டிசால்வை வெட்டின் நடுவில் வைத்தால் இந்தப் பக்கம் 12, அந்தப் பக்கம் 13 ஃபிரேம் உபரியாக வேண்டும். இந்த உபரிக்கு ஹேண்டில் என்று பெயர். தைக்கிறவர் துணியை ஓரமாக உள்ளே விடுகிறாரே, அது மாதிரி. ஆகவே கேமராவை ஓடவிட்டு மூன்று நொடி கழித்து வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள்; முடிந்த பிறகும் மூன்று நொடி ஓடட்டும்.

ஃபேட் அவுட் என்றால் படம் முழுக் கறுப்பில் போய் முடிவது. பத்தி முடிந்து ஒரு வரி விட்டு எழுதுவதற்குச் சமம். வைப் என்றால் ஒரு படம் இன்னொன்றை ஓரத்திலிருந்து துடைத்துக்கொண்டு போவது. ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவா அதைப் பிரியமாகப் பயன்படுத்தினார், அவரைப் பார்த்து 'ஸ்டார் வார்ஸ்' எடுத்த ஜார்ஜ் லூகாஸும். நம்மிடம் வைப் இன்னொரு வழியாக வந்தது: 90களின் கல்யாண கேசட்டுகள். தாமரை விரிய உள்ளே மணப்பெண், இதயம் திறக்க உள்ளே மாப்பிள்ளை. இன்று பார்த்தால் சிரிப்பு வருகிறது, ஆனால் அவை அந்த விசேஷத்துக்குப் போட்ட வண்ணக் காகிதத் தோரணம். தோரணத்தைக் கல்யாண வீட்டில் கட்டலாம். செக்குக் கொட்டகையில் கட்டியதுதான் என் பிழை.

பழைய நினைவுக்குப் போவதற்குத் திரையில் சுருள் சுழலும் வழக்கமும் அப்படித்தான். பழைய தமிழ்ப் படங்களில் பார்த்துப் பார்த்து, 'கொசுவத்தி சுத்த ஆரம்பிச்சிருச்சு' என்று பேச்சிலேயே வந்துவிட்டது. ஒரு டிரான்சிஷன் பழமொழி அளவுக்குத் தேய்ந்துவிட்டால் அதைச் சிரிப்புக்கு மட்டும்தான் பயன்படுத்த முடியும்.

செக்கிலிருந்து தோசைக்கல்லுக்கு

எனக்கு மிகவும் பிடித்தது மேட்ச் கட். எஃபெக்ட் எதுவும் இல்லை, வெறும் கட்தான். ஆனால் முதல் ஷாட்டில் இருக்கும் வடிவமோ அசைவோ இரண்டாவது ஷாட்டிலும் அதே இடத்தில் இருக்கும்.

'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' (1962) படத்தில் நாயகன் எரியும் தீக்குச்சியை ஊதி அணைக்கிறான். சட்டென்று பாலைவனத்தில் சூரியன் எழும் காட்சி. திரைக்கதையில் அந்த இடத்துக்கு டிசால்வ் என்றுதான் எழுதியிருந்தது. ஆனால் அந்தக் காலத்தில் டிசால்வை லேபில்தான் செய்து வாங்க வேண்டும். அதுவரை இரண்டு துண்டுகளையும் நேராக ஒட்டி, 'இங்கே டிசால்வ் வரும்' என்று ஃபிலிமின் மேல் பென்சிலால் கோடு போட்டு வைப்பார்கள். எடிட்டர் ஆன் கோட்ஸும் இயக்குநர் டேவிட் லீனும் அதை அப்படியே ஓட்டிப் பார்த்தபோது, வெறும் ஒட்டே நன்றாக இருந்தது. டிசால்வ் போடவே இல்லை. எடிட்டிங்கில் அதிகம் பேசப்படும் வெட்டுகளில் ஒன்று, வேலை முடியாமல் கிடந்ததால் கண்ணில் பட்டது.

எங்கள் வீடியோவுக்குத் திரும்புவோம். செக்கை மேலிருந்து எடுத்த ஷாட்டில் வட்டமாகச் சுற்றும் அசைவு. அதற்கு இணையாக என்ன இருக்கிறது என்று இரண்டு நாள் மண்டையைக் குடைந்தேன். சைக்கிள் சக்கரம், ராட்டினம் என்று எதையெதையோ யோசித்துவிட்டு, மூன்றாவது நாள் காலையில் சித்தி தோசை ஊற்றுவதைப் பார்த்தேன். கரண்டியின் அடி மாவை நடுவிலிருந்து வட்டம் வட்டமாக இழுத்துக்கொண்டு போகிறது. ஓரத்தில் ஊற்றுவது சித்தப்பாவின் எண்ணெய். உறவு வடிவத்தில் மட்டுமல்ல, கதையிலும் இருக்கிறது: இங்கே ஆட்டியது அங்கே போய்ச் சேர்கிறது.

செய்யும் விதம் இது. தோசை ஷாட்டை டைம்லைனில் செக்கு ஷாட்டுக்கு மேல் அடுக்கில் வையுங்கள். அதன் ஒளிபுகாத் தன்மையை 50 சதவீதமாகக் குறைத்தால் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்றாகத் தெரியும். இப்போது தோசைக்கல்லின் விளிம்பு உரலின் விளிம்போடு பொருந்தும் வரை தோசை ஷாட்டை நகர்த்தி, பெரிதாக்கி, சரி செய்யுங்கள். பிறகு ஒளிபுகாத் தன்மையை 100க்குக் கொண்டுவந்து, மேலே ஏற்றியதைக் கீழே இறக்கிச் செக்கு ஷாட்டுக்கு அடுத்து ஒட்டிவிடுங்கள்.

சுற்றும் திசையையும் பார்க்க வேண்டும். என் செக்கு வலமாகவும் கரண்டி இடமாகவும் சுற்றின. வெட்டும் இடத்தில் பல் சக்கரம் மாட்டிக்கொண்டதுபோல ஒரு தடுமாற்றம். தோசை ஷாட்டை இடவலமாகப் புரட்டினேன். திசை சரியானது, ஆனால் சித்தி இடது கையால் தோசை ஊற்றினார். பாட்டி பார்த்தால் வீடியோவை விட்டுவிட்டு அதைத்தான் பேசுவார். கடைசியில் செக்கு ஷாட்டைப் புரட்டினேன். அங்கே கையும் இல்லை, எழுத்தும் இல்லை. பின்னணியில் காலண்டரோ கடைப் பலகையோ இருந்தால் புரட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

காது முதலில்

டிரான்சிஷன் என்றதும் படத்தையே நினைக்கிறோம். பாதி நேரம் ஒலிதான் இணைக்கிறது. விடியற்காலைத் தெரு, யாரும் இல்லை, கோலம் மட்டும். அந்த ஷாட் ஓடும்போதே செக்கின் கிரீச்சொலி மெல்லக் கேட்கத் தொடங்குகிறது. இரண்டு நொடி கழித்துத்தான் செக்கைக் காட்டுகிறோம். பார்ப்பவர் 'அது என்ன சத்தம்?' என்று கேட்டு முடிப்பதற்குள் படம் பதில் சொல்லிவிடுகிறது. அடுத்த ஷாட்டின் ஒலி படத்துக்கு முன்பே நுழைவதால் டைம்லைனில் அந்தத் துண்டு ஆங்கில ஜே எழுத்துப் போலத் தெரியும். அதனால் ஜே கட். முந்தைய ஒலி அடுத்த படத்துக்குள்ளும் நீண்டால் எல் கட். சித்தப்பா பேசிக்கொண்டே இருக்க, படம் எண்ணெய்க்கும் கடலைக்கும் போய்வருவது எல் கட். பேட்டி, ஆவணப்படம் எல்லாம் இதன் மேல்தான் நிற்கின்றன. கடினமும் இல்லை: படத்தையும் ஒலியையும் பிணைத்திருக்கும் கண்ணியை விடுவித்து, ஒலியின் முனையை மட்டும் இழுத்தால் முடிந்தது.

கூடவே ஒரு சின்ன வேலை. வெட்டிய இடத்தில் 'டப்' என்று ஒலி தெறித்தால், இரண்டு மூன்று ஃபிரேம் அளவுக்கு ஒலியை மட்டும் ஒன்றுக்குள் ஒன்று கரையவிடுங்கள். தெறிப்பு போய்விடும்.

வேகமாகத் திருப்புவதும் குறுக்கே போகும் ஆட்டோவும்

ரீல்ஸ் பார்க்கிறவர்கள் கேட்பது இதைத்தான்: கேமரா சர்ரென்று திரும்ப, வேறு ஊரில் போய் நிற்கிறதே, அது எப்படி? விப் பேன் என்பார்கள். முதல் ஷாட்டின் முடிவில் கேமராவை வேகமாக வலப்பக்கம் திருப்புங்கள். இரண்டாவது இடத்தில் இடப்பக்கத்திலிருந்து வலமாகத் திரும்பி வந்து நில்லுங்கள். திசையும் வேகமும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டிலும் படம் முழுக்கக் கோடு கோடாகக் கலங்கியிருக்கும் ஃபிரேம்கள் சில இருக்கும். அந்தக் கலங்கலுக்குள் வெட்டுங்கள். அதே போல, தெருவில் கேமராவுக்கு முன்னால் ஓர் ஆட்டோ கடந்து திரையை முழுக்க மறைக்கும் அந்த ஒரு கணத்தில் வெட்டினால், ஆட்டோ விலகும்போது வேறு இடம் தெரியும். ஆயத்தமாக விற்கும் விப் பேன் எஃபெக்டுகள் இதே கலங்கலைச் செயற்கையாகச் செய்பவை. வேலைக்கு ஆகும். ஆனால் எடுக்கும்போதே திருப்பிய கேமராவின் தடுமாற்றம் அதில் இருக்காது; எனக்கு அந்தத் தடுமாற்றம்தான் அழகாகப் படுகிறது.

கீஃபிரேம்: அசைவின் இரண்டு முனைகள்

இனி படத்துக்குள்ளேயே அசைவை உண்டாக்குவது. எழுத்து உள்ளே வழுக்கி வருவது, புகைப்படம் மெல்லப் பெரிதாவது, அம்புக்குறி துள்ளுவது எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது கீஃபிரேம்.

கையால் வரைந்த கார்ட்டூன் காலத்துச் சொல் அது. மூத்த ஓவியர் ஓர் அசைவின் முக்கியமான நிலைகளை மட்டும் வரைவார். இடையிலுள்ள படங்களை உதவியாளர்கள் நிரப்புவார்கள். 1970களின் தொடக்கத்தில் கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தில் நெஸ்டர் புர்ட்னிக், மார்செலி வைன் இருவரும் அந்த உதவியாளர் வேலையைக் கணினிக்குக் கொடுத்தார்கள். இன்று உங்கள் போனும் அதைத்தான் செய்கிறது. 'இந்த நொடியில் இங்கே இரு' என்று ஒரு கீஃபிரேம், 'இந்த நொடியில் அங்கே இரு' என்று இன்னொன்று. நடுவில் உள்ளதை அது கணக்குப் போட்டுக்கொள்ளும். இடம், அளவு, சுழற்சி, ஒளிபுகாத் தன்மை என்று எண்ணாக மாறக்கூடிய எதற்கும் கீஃபிரேம் வைக்கலாம்.

ஆனால் இரண்டு கீஃபிரேம் வைத்ததும் வரும் அசைவு உயிரில்லாமல் இருக்கும். ஏன்? கணக்கைப் பாருங்கள். 'மரச்செக்கு எண்ணெய்' என்ற தலைப்பு இடது ஓரத்துக்கு வெளியே −300 என்ற இடத்திலிருந்து, 1920 பிக்சல் (திரையின் சின்னப் புள்ளிகள்) அகலமுள்ள திரையின் நடுவிலுள்ள 960க்கு 20 ஃபிரேமில் வர வேண்டும். மொத்தம் 1260 பிக்சல். மென்பொருள் சமமாகப் பங்கிட்டு ஒவ்வொரு ஃபிரேமுக்கும் 63 பிக்சல் நகர்த்தும். 20ஆவது ஃபிரேம் வரை அதே 63. 21ஆவதில் சுவரில் முட்டியதுபோல நின்றுவிடும். உலகத்தில் எதுவும் அப்படி நிற்பதில்லை. ஊஞ்சலைப் பாருங்கள்: இரண்டு முனைகளிலும் தயங்குகிறது, நடுவில் வேகம் பிடிக்கிறது. டவுன் பஸ் கூட (ஓட்டுநரைப் பொறுத்து) நிற்கும் முன் வேகம் குறைகிறது.

இந்தத் தயக்கத்தைச் சேர்ப்பதுதான் ஈசிங். அதே 1260 பிக்சலை அதே 20 ஃபிரேமில், கடைசியில் மட்டும் தயங்கும்படி பங்கிடலாம். வழக்கமான ஒரு வளைவுக் கணக்கின்படி முதல் ஃபிரேமிலேயே எழுத்து ஏறக்குறைய 180 பிக்சல் பாய்ந்துவிடும். பாதி நேரத்தில் எட்டில் ஏழு பங்கு தூரம் முடிந்துவிடும். மிச்சமுள்ள ஒரு பங்கை அடுத்த பத்து ஃபிரேம்களில் மெல்ல மெல்ல நகர்ந்து, கடைசி ஃபிரேமில் ஒரு பிக்சல்கூட இல்லாத அளவுக்கு அடங்கி நிற்கும். தூரமும் நேரமும் மாறவில்லை. மாறியது பங்கீடு மட்டும். ஆனால் ஒன்று தள்ளிவிட்ட அட்டை, மற்றது தானாக வந்து உட்கார்ந்த எழுத்து. தொழில் தெரிந்தவர் செய்ததுபோல இருக்கிறது என்று நாம் சொல்லும் பல வீடியோக்களில் இருப்பது இவ்வளவுதான்.

பெயரில் ஒரு குழப்பம் உண்டு, முன்பே தெரிந்துகொண்டால் ஒரு மாலை மிச்சம். அடோபி நிறுவனத்தின் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ், பிரீமியர் என்ற இரண்டு மென்பொருள்களிலும் 'ஈஸ் இன்' என்றால் அந்தக் கீஃபிரேமுக்கு வந்து சேரும்போது வேகம் குறைவது. இணையப் பக்கம் வடிவமைக்கிறவர்கள் 'ஈஸ் இன்' என்று சொல்வது மெதுவாகக் கிளம்புவதை. நேர் எதிர். பெயரை நம்பாமல் ஓட்டிப் பாருங்கள், அல்லது வளைவுக் கோட்டைத் திறந்து பாருங்கள். இடத்தைக் காட்டும் கோட்டில் செங்குத்தான பகுதி வேகம், படுத்திருக்கும் பகுதி நிதானம்.

இன்னொரு புதிர்: எழுத்தைப் பெரிதாக்கச் சொன்னால் அது ஓரமாக ஓடுகிறது, சுழற்றச் சொன்னால் எங்கோ போய் வட்டமடிக்கிறது. ஆங்கர் பாயிண்ட் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். காலண்டர் ஆணியில் தொங்கினால் ஆணியைச் சுற்றித்தான் ஆடும். அது போல எல்லாச் சுழற்சியும் பெரிதாக்கலும் அந்தப் புள்ளியைச் சுற்றித்தான் நடக்கும். ஆணியைப் பொருளின் நடுவுக்குக் கொண்டுவந்தால் சரியாகிவிடும்.

வேகமாகப் பாயும் எழுத்துக்கு மோஷன் ப்ளரையும் போட்டுவிடுங்கள். கேமராவில் எடுத்த எதுவும் வேகமாகப் போனால் கொஞ்சம் கலங்கும். கணினி வரைந்தது கலங்காது. கத்தி போலத் தெளிவாக விரையும் எழுத்து, மற்ற படத்தோடு ஒட்டாமல் தனியே நிற்கும்.

தாத்தாவின் புகைப்படம்

சித்தப்பாவிடம் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் இருந்தது: மாடு பூட்டிய செக்கு, பக்கத்தில் துண்டோடு தாத்தா. அசையாத படத்தை ஆறு நொடி காட்டினால் வீடியோ உறைந்துவிட்டதோ என்று தோன்றும். அளவுக்கு இரண்டு கீஃபிரேம்: தொடக்கத்தில் 100 சதவீதம், ஆறு நொடி கழித்து 108. அவ்வளவே போதும். 150 வரை போனால் தாத்தா நம் மேல் பாய்வது மாதிரி ஆகிவிடும். பெரிதாகும்போது நடுப்புள்ளியை அவர் முகத்தை நோக்கி நகர்த்தினால், அந்தப் படத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லாமல் சொல்லிவிடலாம்.

அமெரிக்க ஆவணப்பட இயக்குநர் கென் பர்ன்ஸ் பழைய புகைப்படங்களை இப்படி உயிர்ப்பித்துப் புகழ்பெற்றவர். ஆப்பிள் நிறுவனத்தின் எடிட்டிங் மென்பொருளான ஐமூவியில் இந்த வசதிக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். அவருக்கு முன்பும் பலர் செய்ததுதான் என்று அவரே சொல்வார்.

படம் பெரிதாகும்போது மங்காமல் இருக்க, ஸ்கேன் செய்யும்போதே கவனிக்க வேண்டும். 6க்கு 4 அங்குலப் புகைப்படத்தை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கேன் செய்தால் 1800க்கு 1200 பிக்சல்தான் கிடைக்கும். 1920 அகலமுள்ள திரைக்கே அது பற்றாது. 600இல் செய்தால் 3600க்கு 2400. தாராளம். வீடியோவுக்கும் இதே கணக்கு: 4கே (3840க்கு 2160 பிக்சல்) படத்தை 1080 (1920க்கு 1080) டைம்லைனில் போட்டால் இரண்டு மடங்கு வரை பெரிதாக்கலாம், தெளிவு குறையாது.

மெதுவாக, பிறகு வேகமாக

எண்ணெய் சொட்டுவதை மெதுவாகக் காட்ட ஆசைப்பட்டேன். நொடிக்கு 30 ஃபிரேமில் எடுத்ததைப் பாதி வேகத்துக்குக் குறைத்தேன். சொட்டு விக்கி விக்கி விழுந்தது. இருப்பது 30 படம்; அதை இரண்டு நொடிக்கு இழுத்தால் ஒவ்வொரு படமும் இரண்டு தடவை காட்டப்படும். ஆப்டிகல் ஃப்ளோ என்ற வசதி இடைப்பட்ட படங்களைத் தானே கற்பனை செய்து நிரப்பும். சில இடங்களில் அற்புதம், ஒன்றையொன்று கடக்கும் விரல்களில் மட்டும் பாகு மாதிரி உருகும். மெதுவாகக் காட்டப்போகிறோம் என்று தெரிந்தால் நொடிக்கு 120 ஃபிரேமில் எடுப்பதே வழி. 30 டைம்லைனில் நான்கு மடங்கு மெதுவாகும், விக்கல் இல்லை.

அப்படி எடுத்தபோது கொட்டகை முழுக்க வெளிச்சம் துடித்தது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய டியூப் லைட் நொடிக்கு 100 தடவை மங்கித் தெளிகிறது. கண்ணுக்குத் தெரியாது, 120 ஃபிரேமுக்குத் தெரியும். எண்ணெய்ச் சட்டியை வெயில் விழும் ஜன்னல் பக்கம் நகர்த்தினேன், தீர்ந்தது. சாதாரண வேகத்தில் எடுக்கும்போதும் ஷட்டரை, அதாவது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒளி விழும் நேரத்தை, 50இல் ஒரு பங்கு அல்லது 100இல் ஒரு பங்கு நொடிக்கு வைத்தால் இந்தத் துடிப்பு பெரும்பாலும் வராது.

ஒரே ஷாட்டுக்குள் வேகத்தை மாற்றுவது ஸ்பீடு ராம்ப். கடலை மூட்டையைச் சுமந்து தெருவில் வரும் நடை நான்கு மடங்கு வேகம், வாசலில் இறக்கும்போது சாதாரண வேகம். எட்டு நொடி நடை இரண்டு நொடியாகிவிடும் என்பதால் பின்னால் உள்ள பாட்டு, பேச்சு எல்லாம் நகர்ந்துவிடும். ராம்பை முதலில் முடித்துவிட்டு ஒலியைப் பிறகு அடுக்குங்கள். வேகம் மாறும் இடத்திலும் ஈசிங் வேண்டும். இல்லாவிட்டால் கிளட்சை விட்ட புது டிரைவர்தான்.

இதையெல்லாம் பழகக் காசு தேவையில்லை. கணினியில் டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பே பெரும்பாலானவர்களுக்குக் காலம் முழுக்கப் போதும். கேடென்லைவ், ஷாட்கட் இரண்டும் கட்டற்ற மென்பொருள்கள், இவையும் இலவசம். போனில் கைன்மாஸ்டர், விஎன் போன்றவற்றில் கீஃபிரேம் இருக்கிறது. முதல் பயிற்சியாக ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள்: வீட்டில் காபி போடுவது. பத்து ஷாட், வெறும் கட் மட்டும், ஒரு நிமிடம். கட் மட்டும் வைத்து அது ஓடினால், எங்கே இன்னொன்று தேவைப்படுகிறது என்று உங்களுக்கே தெரியும்.

என் செக்கு வீடியோவின் நான்காவது வடிவத்தில் காலைக்கும் மதியத்துக்கும் நடுவில் ஒரு டிசால்வ், தோசைக்கு ஒரு மேட்ச் கட், சந்தைக்குப் போகும்போது ஒரு விப் பேன், கடைசியில் ஒரு ஃபேட் அவுட். மற்றதெல்லாம் வெறும் கட். குடும்பமே உட்கார்ந்து பார்த்தது. டிரான்சிஷனைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. சித்தப்பா மட்டும் முடிந்ததும் கேட்டார்: "பிண்ணாக்கைக் காட்டவே இல்லையேப்பா?"

மறுநாள் போய் எடுத்தேன். மூன்று நொடி. எண்ணெய் ஷாட்டுக்கு அடுத்து, வெறும் கட்டில் ஒட்டியிருக்கிறது.